எத்தனை டப்பா அனுப்பட்டும்?

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறது. மாதா கிருபையில இங்க எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு நீதான் பதில் போடணும். போன் பண்ணினா நீ மீட்டிங்குங்கிற, நான் சரி வைங்கிறேன், அதோட முடிஞ்சிருது. அதான் பேப்பர்ல எழுதி, எதிர்வீட்டுப் பையனை போட்டோ பிடிச்சு உனக்கு அனுப்பச் சொல்லப்போறேன். அவன் படிக்க மாட்டான். இங்கிலீஷ் மீடியம், என் கையெழுத்தெல்லாம் அவனுக்கு ஓடாது.

விஷயம் மக்ரூன். கடைசியில வந்திருச்சு பாப்பா. வெள்ளை வெளேர்னு, கூம்பு சரியாம, வாயில போட்டா கரையுது. நம்ம தூத்துக்குடி ஞானம் பேக்கரி மக்ரூன் மாதிரியே இருக்குன்னு பெரியம்மா சொன்னா. அவளுக்கு இனிப்பு எதைக் குடுத்தாலும் அப்படித்தான் சொல்லுவா. ஆனா நானே தின்னு பார்த்தேன், மோசமில்ல.

முன்னால வராததுக்குக் காரணம் ஓவன்தான். நீ வாங்கித் தந்ததைக் குறை சொல்றேன்னு நினைக்காதே. திருகுல 100-னு வச்சா உள்ள 130 காட்டுது. ஓவனுக்குள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்ச பிறகுதான் குட்டு உடைஞ்சது. அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குத் தெர்மாமீட்டர் பார்க்கச் சொல்லிக் குடுத்தவளுக்கு இது முதல்லயே தோணியிருக்கணும். மக்ரூனை வேகவைக்கக் கூடாது, உலர்த்தணும். 110 டிகிரியில ஒன்றரை மணிநேரம், அப்புறம் சுவிட்சை அணைச்சுட்டு கதவைத் திறக்காம அப்படியே விட்டுரணும். பேக்கரியில ராத்திரி முழுக்க மெல்லிய சூட்டுல கிடக்கும். நமக்கு அவ்வளவு கரண்ட் பில்லு தாங்காது.

அளவு எழுதி வச்சுக்கோ. 4 முட்டை வெள்ளைக்கரு, 200 கிராம் சீனி, 200 கிராம் முந்திரி. முட்டையைப் பிரிட்ஜுல இருந்து எடுத்த உடனே பிரிக்கணும், அப்பத்தான் மஞ்சக்கரு உடையாது. பிரிச்சதுக்கு அப்புறம் அரை மணி வெளிய வச்சு அடி, அப்பத்தான் நல்லா பொங்கும். மஞ்சக்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு, அதுல இருக்கிற கொழுப்பு நுரையை நிக்க விடாது. கிண்ணத்தை எலுமிச்சைத் தோலால ஒரு துடை. முந்திரியை மிக்ஸியில விட்டு விட்டுச் சுத்து, ஒரேயடியா ஓட்டினா எண்ணெய் விட்டுரும். உங்கப்பா இருந்திருந்தா இந்த இடத்துல போர்ச்சுகீசுக்காரன் கதையை ஆரம்பிச்சிருப்பார். அவன் ஊர்ல பாதாம், நம்ம ஊர்ல பாதாமுக்கு எங்க போறது, அவன் பிரேசில்ல இருந்து கொண்டுவந்த கொல்லாம்பழத்துக் கொட்டை, இந்த முந்திரிதான், கைகொடுத்துச்சுன்னு. கதை முடியுறதுக்குள்ள தட்டு காலியாயிரும்.

நான் மக்ரூன் சுட்டாலே மஞ்சக்கரு மிஞ்சிப்போகுது. ஒரு ஆளு எத்தனை மஞ்சக்கரு தின்ன முடியும்? பால் ஊத்தி கஸ்டர்ட் காய்ச்சுறேன், பெரியம்மா வீட்டுக்குக் குடுத்து விடுறேன்.

கருப்பட்டி கேக்கும் போட்டேன். உடன்குடி கருப்பட்டியை உடைச்சுப் பாகாக்கி, மண்ணு போக வடிகட்டி, ஆறவச்சு, தயிரும் சோடா உப்பும் சேர்த்து. கொஞ்சம் கனமா வந்தது, ஆனா மூணு நாள் காயவே இல்ல. நீ இருக்கிற ஊர் 900 மீட்டர் உயரம், அங்க போட்டா சோடாவைத் துளி குறைச்சுக்கோ. காத்தழுத்தம் கம்மியான இடத்துல சீக்கிரம் எழும்பி நடுவுல உக்காந்துரும்.

நீ ஸ்டேட்டஸ்ல போட்ட உப்புமா போட்டோ பார்த்தேன். ஒரு தட்டு. நல்லா உதிரியா இருந்தது, கைப்பக்குவம் வந்திருச்சு உனக்கு. பின்னால ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு தெரியுது. உங்க வீட்டுல பைப் கேஸ்னு சொன்ன ஞாபகம். மாத்திட்டீங்களோ என்னமோ, எனக்குத் தெரியல. இண்டக்‌ஷன்னா நான் சீராத் தந்த அலுமினியக் குக்கர் அதுல சூடாகாது. அடியில காந்தம் வச்சுப் பாரு, ஒட்டினா ஆகும், ஒட்டலன்னா ஆகாது. ரெண்டு லிட்டர்ல அடி கனமான ஸ்டீல் குக்கர் ஒண்ணு போதும். வாங்கிராதே, நான் வாங்கி அனுப்புறேன்.

ராத்திரி சாப்பாட்டை விட்டுராதே. அதை மட்டும் சொல்லிக்கிறேன்.

இன்னொண்ணு, சும்மா சொல்லி வைக்கிறேன். எல்லாச் சமையல் குறிப்பையும் நாலு பேருக்குன்னுதான் எழுதுறாங்க. உங்கப்பா போன பிறகு ஒரு ஆளுக்கு எப்படிப் பொங்குறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. கை பழைய அளவையே அள்ளும். பானையில மிஞ்சுற சோத்தைப் பார்த்தா அன்னைக்குச் சாப்பிடவே தோணாது. இப்ப பழகிருச்சு. அரைக் கப் அரிசி, ஒன்றேகால் கப் தண்ணி. பருப்பு ஒரு கைப்பிடி, அதே குக்கருக்குள்ள சின்னக் கிண்ணத்துல. புளிக்குழம்பு மட்டும் ரெண்டு நாளைக்குச் சேர்த்து வை, அது மறுநாள்தான் ருசி. வெஞ்சனத்துக்கு ஒரு முட்டை போதும். தட்டுல போட்டு உக்காந்து சாப்பிடு, நின்னுக்கிட்டே சட்டியில இருந்து தின்னாதே. நின்னுக்கிட்டுத் தின்னா தின்ன கணக்கே தெரியாது, உடம்பு இறங்கிரும். உனக்கு இதெல்லாம் தேவையில்லன்னா விட்டுரு. மாப்பிள்ளை டூர் போற நாளுக்கு ஆகும்.

திருவிழாவுக்கு நீங்க வரல. ஜூலை 26 கொடியேத்தத்துக்கும் வரல, ஆகஸ்ட் 5-க்கும் வரல. கோயில் வாசல்ல ஆளாளுக்குக் கேட்டாங்க. லீவு கிடைக்கலன்னேன். பொண்ணுக்கா மாப்பிள்ளைக்கான்னு உன் சின்ன அத்தை கேட்டா. ரெண்டு பேருக்கும்தான்னேன். அவ கேக்குற தோரணை உனக்குத் தெரியுமே. எனக்கு யாரைப் பார்த்தும் பயமில்ல பாப்பா. ஆனா எதைச் சொல்றதுன்னு எனக்குத் தெரிஞ்சா நல்லா இருக்கும்.

நீ சின்னதுல இருந்தே அப்படித்தான். கால்ல ஆணி குத்தி ரெண்டு நாள் நொண்டாம நடந்து காட்டினவ. அன்னைக்கு டாக்டர், கெட்டிக்காரப் பொண்ணுன்னார். எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து உன்னை அடிச்சதும் நான்தான்.

ஓவன் இப்ப மாடியில உன் ரூம்லதான் இருக்கு. அடுப்படி பிளக் தாங்கல, எலக்ட்ரீஷியன் மேல 16 ஆம்பியர் லைன் தனியா இழுத்துத் தந்தார். ஃபேனும் மாத்தியாச்சு, பழையது கத்திக்கிட்டே இருந்தது. ஓவனைக் கீழ இறக்கணும்னா அரை மணிநேர வேலை, எதிர்வீட்டுப் பையனே தூக்கிருவான். மைசூர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலையில வந்துருவே. டிக்கெட் கிடைக்காட்டி பஸ் ஆயிரம் ஓடுது. காரணம் ஒண்ணும் வேண்டாம். மக்ரூன் தின்ன வந்தேன்னு சொன்னாலே போதும்.

மக்ரூனை ஈரக்காத்து படாம வச்சுக்கணும். இங்க கடக்காத்துல ஒரு மணிநேரம் வெளிய கிடந்தா பிசுபிசுத்துரும், சீனி ஈரத்தை இழுத்துரும். உன் ஊர்ல அவ்வளவு பயமில்ல, இருந்தாலும் டப்பாவை இறுக்கி மூடு. கூம்பு உடைஞ்சிருந்தா வீசிராதே, உடைஞ்சதைப் பாயாசத்துல தூவலாம்.

ராத்திரி சாப்பிடு. காப்பியைக் குடிச்சுட்டுப் படுத்துராதே.

டப்பா ரெண்டு கழுவிக் காயவச்சிருக்கேன். ஒரே டப்பா போதுமா, ரெண்டும் அனுப்பட்டுமா? ரெண்டுன்னா ரெண்டும் ஒரே விலாசத்துக்கான்னும் சொல்லிரு. என்கிட்ட இருக்கிறது பழைய விலாசம், அந்த அபார்ட்மெண்ட் பேரு போட்டது. அது சரிதான்னா சரின்னு மட்டும் எழுது. வேறன்னா பின்கோடோட முழுசா எழுது, நான் ஏன்னு கேக்க மாட்டேன். கட்டைவிரல் பொம்மை அனுப்பாதே, அதை ஒட்டிப் பார்சல் அனுப்ப முடியாது. சனிக்கிழமை கூரியர் ஆபீஸ் மத்தியானத்தோட பூட்டிருவாங்க, அதனால வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள எழுதிரு.

இப்படிக்கு,
அம்மா