கயலுக்கு, அரிவாள்மணை குறித்து

அன்புள்ள கயல்,

உன் கடிதமும் வரைபடமும் வந்து சேர்ந்தன. ஆறடி உயரத்தில் அரிவாள்மணைச் சிற்பம் செய்யப்போகிறாயாம்! அப்பா பார்த்துவிட்டு, "கோயில் வாசலில் வைக்கலாம்" என்றார். அவர் பேச்சை விடு. எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் காரணம் வேறு.

மோனா ஹாட்டூமின் சிற்பங்களைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாக எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். 2002-இல் அவர் செய்த துருவி, ஆளுயரத்துக்கு மடிப்புத் தட்டியாக நிற்கிறது. 2008-இல் செய்தது கட்டில், அதுவும் துருவிதான். அதைக் கண்டதும் முதுகு கூசியது. துருவியைக் கையில் பிடித்தால் கேரட் தேய்கிறது. அதுவே கட்டிலானால் தேயப்போவது நாம். படுத்துப் பார்க்க வேண்டியதில்லை, உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. பெரிதாக்கியதற்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

1999-இல் செய்த அந்தச் சமையல் மேசையும் அப்படித்தான். பாத்திரம் பண்டங்களில் எல்லாம் மின்கம்பி. யாரும் நெருங்கிவிடாதபடி முன்னால் கம்பித் தடுப்பு. லெபனானில், பெய்ரூத்தில், பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்தவர். 1975-இல் லண்டனுக்குப் போன இடத்தில், ஊரில் உள்நாட்டுப் போர் மூண்டு, திரும்ப முடியாமல் தங்கிவிட்டவர். அவர் கையில் அடுப்படி தொட முடியாத பொருளானதில் எனக்கு வியப்பில்லை. (அவருடைய 1988 வீடியோவில் அம்மா எழுதிய கடிதங்களோடு, அந்த அம்மா குளிக்கும் படங்களும் வருகின்றனவாமே. என் கடிதங்களை நீ தாராளமாக எடுத்துக்கொள். மற்றது நடக்காது.)

அரிவாள்மணைக்கு வருகிறேன். துருவியின் வேலை கையோடு முடிந்துவிடும். இது அப்படியில்லை. தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடித்து, மறுகாலால் பலகையை அழுத்திக்கொண்டால்தான் அலகு அசையாமல் நிற்கும். அலகு நகராது, காய்தான் அதனிடம் போக வேண்டும். சேனைக்கிழங்கு நறுக்கும்போது உடம்பின் கனமெல்லாம் முன்னால் சாயும். வெண்டைக்காய்க்கு மணிக்கட்டே போதும். முழங்கால் தேய்ந்து பாட்டியால் கீழே உட்கார முடியாமல் போனதும், கூர் கொஞ்சமும் மழுங்காத அந்த மணை பரணுக்குப் போய்விட்டது. ஆள் உட்காராத அரிவாள்மணை பாதிப் பொருள்தான். ஆறடியில் நிறுத்தினால் வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். உட்காரமாட்டார்கள்.

வியன்னாவில் ஃபிரான்ஸ் வெஸ்ட் என்று ஒருவர் இருந்தார். 1970-களில் காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆகியவற்றைக் கொண்டு, இன்னதென்று சொல்ல முடியாத வெள்ளை உருவங்களைச் செய்யத் தொடங்கினார். பீடத்தில் வைத்துப் பார்ப்பதற்காக அல்ல. பார்வையாளரே எடுத்துத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம், இடுப்பில் இடுக்கிக்கொள்ளலாம். அதைப் பிடித்துக்கொண்டு கோணலாக நிற்கும் ஆளும் சேர்ந்ததுதான் சிற்பம். உனக்கு ஹாட்டூமைவிட இவர்தான் ஒத்துவருவார் என்று தோன்றுகிறது.

ஆகையால் அளவை மாற்றாதே. வேண்டுமானால் பலகையில் கால் அழுத்தும் இடத்தை ஆழமாகக் குடைந்துவை. உட்காருகிறவர் ஒரே விதமாகத்தான் உட்கார முடியட்டும். நாற்காலியிலேயே வளர்ந்த உன் பேராசிரியர்கள் படும் பாட்டை எனக்குப் படம்பிடித்து அனுப்பு.

பாட்டியின் மணையைக் கேட்காதே, தரமாட்டேன். அளவெடுத்து எழுதுகிறேன், அங்கேயே ஒரு தச்சரைப் பார்த்துச் செய்துகொள். அலகு மட்டும் மழுங்கலாக இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா