கலை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் தொடங்கி இந்த மார்ச் முடிய கும்பகோணத்தில் நம் வட்டம் செய்த பணிகளை அவை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அவர் இலாகாவில் நான் நுழையவில்லை.

ஐப்பசி மழையில் தடைப்பட்ட ஒன்றைத் தவிர மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. மாணவர் வருகை கூடியிருக்கிறது. சந்தா வருகை அந்த அளவுக்குக் கூடவில்லை.

சென்ற பொதுக்குழு முடிவுப்படி இந்த ஆண்டின் படிப்புக்கு ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம். வெளிநாட்டுச் சமகாலக் கலை அருங்காட்சியகங்கள் தங்களுக்குள் எதைக் கொடுத்து எதை வாங்குகின்றன, அதனால் அவற்றின் வேலை முறை எப்படி மாறுகிறது என்பதே அது. “இதெல்லாம் நமக்கு எதற்கு சார்?” என்று முதல் கூட்டத்திலேயே கேட்டவர், ஃபிரேம் கடை வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினர். நியாயமான கேள்விதான். ஆனால் பாலஸ்தீனத்தின் ரமல்லா நகருக்குப் பிக்காசோ படம் போன கதையைப் பேசிய அன்று கடைசி ஆளாகக் கிளம்பியவரும் அவர்தான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், சுருட்டு ஆலை முதலாளி ஹென்றி வான் அபே பெயரில் 1936இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. பிக்காசோ 1943இல் வரைந்த ஒரு பெண்ணின் மார்பளவு உருவப்படம் அவர்களிடம் உண்டு. அதை ரமல்லாவுக்கு இரவல் தரும்படி பாலஸ்தீன சர்வதேச கலை அகாதெமியின் காலித் ஹூரானி கேட்டார். கேட்பது எளிது. இரவல் கொடுக்கும் அருங்காட்சியகம் பொதுவாக எதிர்பார்ப்பது என்ன? வாங்குகிற இடத்தில் குளிர்சாதன அறை, காவல், காப்பீடு, சுங்கத் தாள்கள், பொறுப்பேற்க ஓர் அரசு. ரமல்லாவில் எது யார் கட்டுப்பாட்டில் என்பதே தகராறு. காப்பீடு, ஒப்பந்தம், அனுமதி என்று சுமார் இரண்டு ஆண்டுகள் ஓடின. அகாதெமிக்குள்ளேயே வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும்படி ஓர் அறையைக் கட்டினார்கள். 2011 ஜூனில் படம் இஸ்ரேலின் டெல் அவிவ் விமான நிலையத்தில் இறங்கி, இஸ்ரேல் ராணுவத்தின் கலந்தியா சோதனைச் சாவடி வழியாக லாரியில் வந்து சேர்ந்தது. படத்தின் இரு பக்கமும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நிற்க, சிலர் சிலராக உள்ளே போய்ப் பார்த்தார்கள்.

இரவல் வாங்கியவர்கள் ஓர் அறையைக் கட்டினார்கள், சரி. கொடுத்தவர்களுக்கு என்ன ஆனது? அப்போதைய இயக்குநர் சார்லஸ் எஷேயின் குழு, தங்கள் வழக்கமான இரவல் நிபந்தனைகளையே மறுபடி யோசித்துப் பார்க்க வேண்டி வந்தது. இந்த ஆண்டு படித்தவற்றில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். கேட்டவரின் நிலைமை கொடுப்பவரின் பழக்கத்தை அசைத்திருக்கிறது. படம் பத்திரமாகப் போய் வந்ததை மட்டும் வைத்து அந்த இரவலை எடைபோட முடியாது.

அதே ஐந்தோவன்காரர்கள் ஸ்லோவேனியாவின் லுப்லியானா, பார்சிலோனா, ஆன்ட்வெர்ப் அருங்காட்சியகங்களோடு சேர்ந்து ‘லந்தர்நாசியொனால்’ என்ற கூட்டமைப்பை நடத்துகிறார்கள். மாட்ரிட்டும் இஸ்தான்புல்லும் பிறகு சேர்ந்தன. இதில் லுப்லியானாவைப் பற்றிப் பேசியபோதுதான் அரங்கில் சிரிப்பு எழுந்தது. பழைய யுகோஸ்லாவிய ராணுவக் குடியிருப்பான மெத்தெல்கோவாவில் 2011இல் சமகாலக் கலைக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அடுத்த கண்காட்சிக்குப் பணம் இல்லை. அப்போதைய இயக்குநர் ஸ்தென்கா பதோவினாத்ஸ் என்ன செய்தார்? திறப்பு விழாக் கண்காட்சியையே சில மாற்றங்களோடு மீண்டும் வைத்தார், தலைப்பிலேயே ‘மறுபடி’ என்று போட்டு. பிறகு அதற்கும் ஒரு மறுபடி. இல்லாமையை மறைக்காமல் அதையே பேசுபொருளாக்கிய துணிச்சல் எனக்குப் பிடித்தது. பழைய படங்களையே திரும்ப மாட்டுகிறோம் என்று நம்மைக் குறை சொல்பவர்களுக்கு இனி பதில் இருக்கிறது.

உலக அருங்காட்சியகங்களின் பேரவையான ஐகாம், 2019இல் கியோட்டோவில் ‘அருங்காட்சியகம்’ என்றால் என்ன என்ற புதிய வரையறைக்கு வாக்கெடுப்பு நடத்த முடியாமல் தள்ளிப்போட்டு, 2022இல் பிராகாவில் 92 சதவீத ஆதரவோடு நிறைவேற்றியதையும் ஒரு கூட்டத்தில் படித்தோம். அந்த விவாதம் வறட்சியாகவே போனது, இங்கும் நீட்டவில்லை.

அதைவிடச் சூடாக நடந்தது ஈரப்பதம் பற்றிய கூட்டம். ஓவியங்களுக்கு 21 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் என்று பல ஆண்டுகளாகக் கறாராக இருந்த பெரிய அருங்காட்சியகங்கள், தங்கள் இயக்குநர்கள் சந்திக்கும் பிஸோ குழுவில் கூடிப் பேசி, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீதம் என்று தளர்த்திக்கொண்டன. ஏசிக்கு எரியும் மின்சாரமே முக்கியக் காரணம். கொரோனா காலத்தில் இன்னொரு வழக்கமும் தளர்ந்தது. முன்பெல்லாம் பெட்டியோடு ஓர் ஊழியர் விமானம் ஏறுவார். அப்போது பெட்டி திறப்பதை வீடியோவிலேயே மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார்கள். கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் ஈரம் 80ஐத் தாண்டும் என்பதால் 60 என்பதும் நமக்கு எட்டாக் கனிதான். ஆனால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே இடைவெளி விடுவது, பின்புறம் அட்டை அடைப்பது, வெளிச்சுவரில் நேராக மாட்டாமல் இருப்பது எல்லாம் காசு கேட்காத வேலை. ஃபிரேம் கடைக்காரர் அன்றே செய்து காட்டினார்.

படித்ததை மார்கழியில் செயலிலும் பார்த்தோம். பக்கத்து ஊர் நண்பர்கள் நம்மிடம் சில நீர்வண்ண ஓவியங்களைக் கேட்டார்கள். முதன்முறையாகக் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதினோம். ஒவ்வொரு படத்தையும் மேசையில் கிடத்தி, பக்கவாட்டில் டார்ச் அடித்து, மேல் வலது மூலையில் பூஞ்சைப் புள்ளி, கீழ் ஓரத்தில் மடிப்பு என்று குறித்து, போனில் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அவர்கள் கூடத்தில் ஏசி கிடையாது. நம் பழைய நிபந்தனைத் தாளில் ‘ஏசி கட்டாயம்’ என்றிருந்த வரியைச் செயற்குழு அடித்துவிட்டு, ‘நேர் வெயில் படக்கூடாது, மழைச்சாரல் படக்கூடாது’ என்று எழுதியது. திருத்திய தாள் இன்று உங்கள் ஒப்புதலுக்கு வருகிறது.

வரும் ஆண்டுக்கு ஒரு யோசனை. ஐந்தோவனில் 2021இல் தங்கள் சேகரிப்பையே தொட்டும் முகர்ந்தும் கேட்டும் அறியும்படி அடுக்கினார்கள். பார்வையற்ற மாணவர்களை அழைத்து அப்படி ஒரு சிறு கண்காட்சியை நாமும் வைக்கலாமா என்று துணைத்தலைவர் கேட்கிறார். அவர்களிடமே முதலில் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்பது என் கருத்து.

இடம் தந்த நூலகத்தாருக்கும், புரொஜெக்டர் சுமந்த மாணவர்களுக்கும் நன்றி. சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. பெயர்களை நான் இங்கே படிக்கப்போவதில்லை. அறிக்கையையும் திருத்திய நிபந்தனைத் தாளையும் ஏற்றுக்கொள்ளும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்