வலங்கைமானில் சீனிவாச சாஸ்திரிக்கு ஒரு வாசகசாலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு தில்லையாடி போய் வந்தேன். தென்னாப்பிரிக்காவில் சிறைக்குப் போய், 1914-இல் பதினாறு வயதிலேயே உயிர்விட்ட வள்ளியம்மைக்கு அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பேத்தி கேட்டாள்: "நம்ம ஊர்லேருந்து யாராவது அந்த நாட்டுக்குப் போயிருக்காங்களா தாத்தா?" அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

போயிருக்கிறார். வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னால் இந்திய அரசின் தூதராகப் போனவர். அந்த 'வி' வலங்கைமான். லண்டனிலும் வாஷிங்டனிலும் கேப் டவுனிலும் அவர் கையெழுத்துப் போட்டபோதெல்லாம் குடமுருட்டிக் கரையில் இருக்கும் நம் ஊர்தான் முதல் எழுத்தாக நின்றது. ஆனால் இன்று வலங்கைமான் என்றால் பாடைக்கட்டி மாரியம்மனும் வெடிக்கடைகளும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. இரண்டும் நமக்குப் பெருமைதான். மூன்றாவதாக இவர் பெயரும் வர வேண்டும் என்பது என் ஆசை.

1869 செப்டம்பர் 22-இல் பிறந்தவர், காந்தியைவிடப் பத்து நாள் மூத்தவர். கும்பகோணம் கல்லூரியில் படித்து, மாயவரம் நகராட்சிப் பள்ளியில் ஆசிரியராக வேலையைத் தொடங்கினார். அப்புறம் சேலம், திருவல்லிக்கேணி. திருவல்லிக்கேணியில் தலைமை ஆசிரியராக இருந்தபோது, 1904-இல், அங்கே கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். டி.யூ.சி.எஸ் (திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்) என்றால் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். கடைக்காரரிடம் கடனும் கலப்படமுமாகத் தவித்த நடுத்தரக் குடும்பங்கள் சேர்ந்து நியாய விலைக்கு அரிசி பருப்பு வாங்க வழி செய்தது அது. ஆங்கிலத்தில் அழகாகப் பேசியதால் 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று மட்டும் அவரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த நாவன்மையைவிட இந்தப் பண்டகசாலை பெரிதாகத் தெரிகிறது.

தூதராகப் போன இடத்திலும் அவர் இதைத்தான் செய்தார். 1927-இல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாகத் தென்னாப்பிரிக்கா போனார். போகச் சொல்லி வற்புறுத்தியவர்களில் காந்தியும் ஒருவர். 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உயர்நிலைப் படிப்புக்கு வழியில்லாமல் நின்றார்கள். மந்திரிகளோடு பேசுவது ஒரு பக்கம் இருக்க, டர்பனில் ஒரு பள்ளிக்கூடம் கட்டியே தீருவது என்று அவர் இறங்கினார். அங்கிருந்த இந்தியர்களிடமே நிதி திரட்டினார். பாடம் நடத்த இங்கிருந்து ஆசிரியர்கள் போனார்கள். ஆசிரியர் பயிற்சிக்கும் அங்கே இடம் இருந்தது. அவர் தாயகம் திரும்பிய அதே 1929-இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிக்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர். இடையில் ஒரு கூட்டத்தைக் கலைக்க வெள்ளையர் கும்பல் புகுந்து ரகளை செய்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. ஒரு ஆசிரியனாக இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

திரும்பி வந்தபின் 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். கிட்டத்தட்ட ஊருக்கே திரும்பிவிட்டார் என்று சொல்லலாம்.

அவர் அரசியல் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மிதவாதி, ஒத்துழையாமை இயக்கத்தை எதிர்த்தார். 1940-இல், அறிவியல் போன்ற துறைகளின் சொற்களைத் தமிழில் அமைக்க அவர் தலைமையில் அமைந்த கலைச்சொல் குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் போராடியதும் நியாயமே. நினைவகம் அமைந்தால் இதையும் மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும். காந்தியே அவரோடு கருத்து மாறுபட்டுக்கொண்டே கடைசி வரை அன்பு வைத்திருந்தார். 1946-இல் சாஸ்திரி நோயில் படுத்திருந்தபோது சென்னையில் நேரில் வந்து பார்த்தார்.

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். சிலை வேண்டாம். மாலை போட ஒரு நாள், மற்ற நாளெல்லாம் காக்கை உட்காரும். ஒரு வாசகசாலை போதும். பத்தாயிரம் புத்தகம் தேவையில்லை. நாலு மேசை, நல்ல விளக்கு, நாளிதழ்கள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள். வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தமிழும் பேசப் பழகும் வகுப்பு. நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினேன். கணக்கில் நூறு வாங்கும் பிள்ளைகூட நேர்முகத் தேர்வில் நாலு வரி ஆங்கிலம் பேச வாய் வராமல் திரும்பி வந்து என்னிடம் அழுதிருக்கிறது. அந்த மொழியை உலகமே வியக்கப் பேசிய மனிதர் பிறந்த ஊரில், அந்தப் பயத்தைப் போக்க ஓர் அறை வேண்டும். சுவரில் அவர் படமும், பக்கத்தில் டர்பன் பள்ளியின் படமும் இருந்தால் போதும்.

2029-இல் அவர் பிறந்து 160 ஆண்டு நிறைகிறது. சாஸ்திரி கல்லூரிக்கும் அதே ஆண்டில் நூறு. பேரூராட்சியும் மாவட்ட நிர்வாகமும் இப்போதே இடம் பார்த்தால் அதற்குள் முடித்துவிடலாம். என் புத்தகங்களைத் தருகிறேன். மாலை வகுப்பும் நானே எடுக்கிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.