ஏற்காட்டில் ஒரு ஏற்காட்டுக் காபி கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம், வண்டி நிறுத்த இடமில்லை, பிளாஸ்டிக் குப்பை என்று அடிக்கடி செய்தி படிக்கிறோம். எல்லாம் சரிதான். என் புகார் ரொம்பச் சின்னது, ஒரு டம்ளர் அளவுதான் இருக்கும்.

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருஷமாக ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் குடியிருந்தாள். சொந்த ஊர் ஈப்போ, இங்கே சேலத்தில் படிக்க வந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா சேலம் ஜில்லாவில் இருந்துதான் ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினாராம், எந்த ஊர் என்பது மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த ஜனவரியில் படிப்பு முடிந்தது. திங்கட்கிழமை ராத்திரி திருச்சியில் விமானம், கையில் மிச்சம் இருந்தது ஒரு சனி ஞாயிறு. மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் எதிரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மேலே போனதென்னவோ ஒரே ஒரு தடவை, அதுவும் கல்லூரி பஸ்ஸில் பாட்டுப் போட்டுக்கொண்டு. நாம் மட்டும் என்ன, விருந்தாளி வந்தால்தானே ஏற்காடு ஞாபகம் வருகிறது.

சனிக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் அவள் தங்கைக்கு வெள்ளிக் கொலுசு, சாயங்காலம் தட்டுவடை செட். மறுநாள் காலை முதல் வேலையாக பஸ் பிடித்தோம். 20 கொண்டை ஊசி வளைவையும் அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள், நான் பதினாலிலேயே தூங்கிவிட்டேன். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய் ஒரு கும்பிடு, எல்லாம் ஆயிற்று. ஆனால் அவள் மனசில் இருந்தது வேறு. இந்த மலையில் விளைந்த காபியை ஒரு வாய் குடிக்க வேண்டும், அரைக் கிலோ தூள் அம்மாவுக்கு வாங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஈப்போவில் காபி என்பது ஊர்ப் பெருமையாம். கொட்டையை மார்ஜரின் போட்டு வறுத்து, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி ஒயிட் காபி என்று கொடுப்பார்கள், அதைக் குடிப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு வந்து பழைய சீனர் கடைகளில் இடத்துக்குக் காத்துக் கிடப்பார்கள் என்றாள். "அங்க நான் காபிச் செடியையே பார்த்ததில்ல ஆண்டி, இங்க மலை பூரா செடி இருக்கு, அப்போ எப்படி இருக்கும்!"

எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஏரிக்கரையில் முதல் கடையில் ஒரு சின்னப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, சூடான பாலில் கொட்டி, இரண்டு ஆற்று ஆற்றி நீட்டினார்கள். அடுத்த கடையில் பில்டர் காபி என்று பலகை தொங்கியது, ஆனால் டிகாஷன் தீர்ந்துபோனதாம். மூன்றாவது கடையில் பித்தளை டபராவெல்லாம் இருந்ததைப் பார்த்து ஆசையாக, "இது எந்த எஸ்டேட் காபிங்க?" என்று கேட்டேன். "தூள் சேலத்துல இருந்து வருதுங்க்கா" என்றார் அந்தத் தம்பி, பெருமையாகவே! பாக்கெட் தூளும் பார்த்தோம். ஒன்றில் ஏற்காடு என்ற பெயர் பெரிதாக இருந்தது, எங்கே விளைந்தது என்று ஒரு வரி கிடையாது. இன்னொன்றில் பொடி எழுத்தில் சிக்கரி 40 சதவீதம். சட்டப்படி 49 வரை போடலாம், அதனால் அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் அதை வாங்கிக் கடல் தாண்ட வேண்டுமா?

அப்புறம் சும்மா தோட்டத்துப் பக்கம் நடந்தோம். சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் செடி நிறையச் சிவப்புப் பழம். களத்தில் ஒரு அம்மா காய்ந்துகொண்டிருந்த கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். இவள் வாய் பார்ப்பதைக் கண்டு ஒரு பழத்தைப் பறித்துக் கையில் கொடுத்தார். பிதுக்கினால் வழுவழுவென்று இரண்டு கொட்டை நழுவி வந்தது, வாயில் போட்டால் லேசான தித்திப்பு, காபி வாசனையே இல்லை. பக்கத்தில் வரிசையாக இருந்த வீடுகளைப் பார்த்ததும் "இதத்தான் எங்க பாட்டி லயம்னு சொல்வாங்க" என்று போட்டோ எடுத்து உடனே ஊருக்கு அனுப்பினாள். நீங்கள் இந்தக் காபிதான் குடிப்பீர்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, "நமக்கு டீத்தண்ணிதான் கண்ணு" என்று சிரித்தார்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்து இருநூறு வருஷம் ஆகிறது. இந்தியக் காபியில் பெரும்பங்கு ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது என்பது தெரியும், ஆனால் விளைகிற இடத்திலேயே ஒரு டம்ளருக்குக்கூடப் பஞ்சமா? 2019-ல் குடகு, வயநாடு, சிக்கமகளூர், அரக்கு, பாபாபுடன்கிரி என்று ஐந்து காபிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அந்தப் பட்டியலில் ஏற்காடு இருக்கிற நம்ம சேர்வராயன் மலை இல்லை. நம்ம ஊர் ஜவ்வரிசி கூட 2023-ல் வாங்கிவிட்டது. குறியீடு எல்லாம் வரும்போது வரட்டும். ஏரிக்கரையில் ஒரே ஒரு கடை, மகளிர் குழுவுக்குக் கொடுத்தாலும் சரி, இங்கே விளைந்த கொட்டையை அங்கேயே வறுத்து அரைத்து, எந்தத் தோட்டம், எப்போது பறித்தது, சிக்கரி உண்டா இல்லையா என்று எழுதிப் போட்டு விற்கட்டும். படகுச் சவாரிக்கு வரிசையில் நிற்கிற கூட்டத்தில் பாதி இங்கேயும் நிற்கும்.

திங்கட்கிழமை அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மனசு கேட்காமல் டவுனில் கொட்டை வறுத்து அரைத்துத் தருகிற கடைக்குப் போனேன். ஏற்காடு இருக்கா என்றேன். "சிக்கமகளூர்ங்க, சரக்கு நல்லா இருக்கும்" என்றார்கள். அரைக் கிலோ, சிக்கரி இல்லாமல், வாங்கி வந்து பெட்டியில் வைத்தேன், ஊர் பெயரைச் சொல்லவில்லை. போன வாரம் அவள் அம்மா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார், ஏற்காட்டுக் காபி பிரமாதமாம், இன்னும் ஒரு கிலோ யாரிடமாவது கொடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். என்ன பதில் போடுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.