அரசர் உறங்கிய அறை

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. எனக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிப் பார்த்த உன் பேரன், "ராஜா எங்கே தாத்தா தூங்குவார்?" என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல் விழித்ததாக எழுதியிருந்தாய். அந்தக் கேள்வி என்னையும் விடாததால், புதன்கிழமை காலையில் தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பையன் கெட்டிக்காரன். 1636-இல் எழுந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். நாயக்கரின் பேரரான சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, இங்கிருந்த பொருள்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார். அரண்மனையின் பகுதிகளில் ரங்கவிலாசம் அழிந்தது, சொர்க்கவிலாசமும் நாடகசாலையும் தப்பின.

சொர்க்கவிலாசம் குடியிருக்கக் கட்டியதன்று, கொலுவிருக்கக் கட்டியது. முற்றத்தில் நிற்பவன் தன்னைச் சூழ்ந்த தூண்களையும், அவற்றை இணைக்கும் இலைவடிவ வளைவுகளையும், அவற்றுக்கு மேலுள்ள சுதைச் சிற்பங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, மேற்கே குவிமாடத்தின் கீழ் வீற்றிருக்கும் அரசரை நோக்கும்போது தானாகவே குரலைத் தாழ்த்தியிருப்பான். இரும்போ மர உத்தரமோ தாங்காமல் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் நிற்கும் மாடம் அது. முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணச்சாந்தின் வழவழப்பைத் தொட்டுப் பார்த்தேன். நாலாம் வகுப்பில் நாம் இருவரும் கைகோத்து ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க முயன்று தோற்றோமே, அதே தூண்தான் என்று நினைக்கிறேன். இப்போது அதில் யார் யாரோ தம் காதலியின் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள்; எரிச்சலாக இருந்தது.

1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு இதைப் பழுதுபார்க்கச் செய்தார். பின்னர் 1970 வரை நீதிமன்றம் இங்கேதான் நடந்தது. என் தந்தையார் ஒரு வரப்புத் தகராறுக்காகப் பல ஆண்டுகள் ஏறி இறங்கிய படிகள் இவை. அரசர் போன பிறகும் முறையிட வந்தவர்கள் அதே தூண்களுக்கு நடுவேதான் காத்து நின்றார்கள். கட்டடம் தன் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது விளக்குத்தூண் அருகே பத்துத்தூண் சந்துக்குள் புகுந்தேன். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, கூரையைத் தொலைத்துவிட்டு நிற்கும் அந்தப் பத்துக் கல்தூண்களும் பழைய அரண்மனையின் மிச்சமே. பொங்கலுக்கு வரும்போது பையனை அங்கே அழைத்துப் போவோம். ராஜா தூங்கிய அறை அந்தத் தெருக்களில் எங்கோ, யாரோ ஒருவர் வீட்டுக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லி வை.

அன்புடன்,
உன் முத்தையா