குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை மனுக்களின் நிலவரம் தனித்தாளில் உங்கள் கையில் இருக்கிறது. இந்த ஆண்டு சங்கம் அதிகம் மெனக்கெட்டது நம் பகுதி உழவர் சந்தைக்காகத்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரையில், அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விவசாயிகளே நேரில் விற்கும் சந்தைகளான பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திராவின் ரைத்து பஜாரும் அதற்கு முன்னோடிகள். 2001க்குப் பின் கவனிப்பில்லாமல் களையிழந்த சந்தைகள் 2006க்குப் பிறகு மறுபடி தலையெடுத்தன. மதுரைக்காரர்களுக்கு இதில் பெருமை உண்டு, பொறுப்பும் உண்டு.

சந்தை நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதன் ஏற்பாடு. சாகுபடி நிலத்தைச் சரிபார்த்த பிறகே விவசாயிக்கு அடையாள அட்டை. கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கிடைக்கும். மொத்த விலைக்கு மேல் சுமார் 20 சதவீதம், வெளிக்கடை விலைக்குக் கீழே சுமார் 15 சதவீதம் என்ற கணக்கில் அன்றன்றைக்கு விலை வைத்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். தரகுக்கும் கமிஷனுக்கும் போன காசு இப்போது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பிரிகிறது.

விலையைவிட என்னை இழுப்பது காய்தான். கத்திரிக்காயின் காம்பு பச்சையாக, முள் குத்தும்படி இருக்கும். கீரைக்கட்டின் வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும். "விடியுறதுக்கு முன்னாடி பறிச்சது தம்பி, மதியத்துக்குள்ள சமைச்சிருங்க" என்று விளைவித்த அம்மாவே சொல்லித் தருகிறார். எந்தக் கடையில் இது கிடைக்கும்?

சரி, சங்கம் செய்தது என்ன? பெரியவர்கள் காலையில் சந்தைக்குப் போய்வர ஷேர் ஆட்டோ பேசிவிட்டோம். வீட்டுக்கொரு மஞ்சப்பை கொடுத்தோம். இருட்டிலேயே வந்து இறங்கும் பெண் விவசாயிகளுக்குக் குடிநீரும் கழிப்பறையும் கேட்டு மனு கொடுத்தோம். குடிநீர்க் குழாய் வந்துவிட்டது. கழிப்பறைக்கு இன்னும் அலைகிறோம், விடப்போவதில்லை. வெளியில் மொத்தமாக வாங்கிவந்து விவசாயி பெயரில் விற்பவர்கள் சிலர் நுழைந்திருப்பதையும் எழுத்தில் தெரிவித்திருக்கிறோம். இதைத் தடுக்காவிட்டால் அடையாள அட்டைக்கே அர்த்தமில்லை.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காலை எட்டு மணிக்குள் போங்கள். பலகை விலையில் பேரம் பேசாதீர்கள். மழைநாளிலும் போங்கள், அன்றைக்குத்தான் அவர்கள் காய் தேங்கிவிடுகிறது.

அடுத்து வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்