மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி படித்தேன். பேருந்து நிலையத்தில் ஒருவர் கடைக் கண்ணாடிகளைக் கல்லால் அடித்து உடைத்தார், அங்கிருந்தவர்கள் அவரைப் பிடித்துக் கட்டிவைத்துப் போலீசில் ஒப்படைத்தார்கள் என்று. 'மனநோயாளி வெறியாட்டம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கடைசி வரியில் மட்டும், அவர் மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை என்று உறவினர்கள் சொன்னதாகப் போட்டிருந்தீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் செய்தி. ஏன் சாப்பிடவில்லை, யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று உங்கள் நிருபர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு நோய். கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது, இப்போது 40 வயதை நெருங்குகிறான். இது பெரும்பாலும் அப்படித்தான் வரும், பதின்ம வயதின் முடிவிலிருந்து முப்பதுக்குள், பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக. உலகத்தில் இரண்டு கோடிக்கும் அதிகமானவர்களுக்கு, ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சினிமாவில் வருவதுபோல ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் குடியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் யாரும் பேசாமலே குரல் கேட்கும், தன்னைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது என்று தோன்றும், பெற்ற தாய் வைக்கும் சோற்றில்கூட விஷம் இருக்குமோ என்ற பயம் வரும். வளர்ப்பு சரியில்லாததால் வருவதும் இல்லை. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமலும் வரும்.

மருந்தை நிறுத்தும் கதை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் நன்றாகிவிடுகிறார். குரல் அடங்கிவிட்டது, பயம் போய்விட்டது, ராத்திரி தூங்குகிறார், நாலு பேரிடம் சிரித்துப் பேசுகிறார். அப்புறம் எதற்கு மாத்திரை என்று அவரே கேட்பார், இல்லையென்றால் ஊரிலிருந்து வந்த சித்தப்பா கேட்பார், "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு இந்த மாத்திரையைக் குடுத்துப் பிள்ளையைத் தூங்கவச்சிட்டு இருக்கீங்க?" என்று. நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகிவிடாது. ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஒன்றும் ஆகாது, மருந்தின் மந்தம் விலகுவதால் முன்னைவிடச் சுறுசுறுப்பாகக்கூட இருப்பார்கள், குடும்பம் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். பிறகு நோய் திரும்பும்போது அதையும் என்றைக்கோ நிறுத்திய மாத்திரையையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. செய்வினை, சனிப் பெயர்ச்சி, வேலை பார்த்த இடத்தில் யாரோ திட்டியது என்று காரணம் வேறெங்கோ தேடப்படுகிறது. சர்க்கரை நோய்க்காரர் அளவு சரியாகிவிட்டது என்று மருந்தை விட்டால் நாம் விடுவோமா? முதல் முறை வந்து தெளிந்தவர்களுக்கே ஒன்றிரண்டு வருடமாவது மருந்து தொடர வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். திரும்பத் திரும்ப வருபவர்களுக்குப் பல வருடம், பலருக்கு வாழ்நாள் முழுக்க.

இப்படிச் சொல்வதால் நிறுத்துகிறவர்களை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தம்பிக்கு ஆரம்பத்தில் கொடுத்த மருந்தில் கை நடுங்கும், காபி டம்ளரை எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் சிந்திவிடும். விசேஷ வீடுகளில் காபி நீட்டினால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுவான், அவனுக்குக் காபி பிடிக்காது என்றே சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் நடுக்கமும் உடம்பு விறைப்பதும் அதிகம். பின்னால் வந்த ஓலான்சபின் போன்றவற்றில் எடை ஏறும், சர்க்கரை வரும். ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்களில் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், அதை அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? சொன்னால் வழி இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது, இரண்டு மூன்று மருந்து கொடுத்தும் கேட்காத நோய்க்கு க்ளோசபின் இருக்கிறது, அதற்கு மட்டும் ரத்தத்தில் வெள்ளை அணுக்களை விடாமல் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இதையெல்லாம் பேச நேரம் வேண்டுமே. நாங்கள் போகும் அரசு மருத்துவமனையில் காலையில் ஓபி சீட்டு வாங்கி உட்கார்ந்தால் மத்தியானம்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் பாவம், வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே "தூங்குறாரா, சாப்பிடுறாரா" என்று கேட்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். சில மாதம் மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். அன்றாடம் கூலிக்குப் போகிற குடும்பம் ஒருநாள் சம்பளத்தையும் பஸ் காசையும் விட்டுவிட்டு வந்து வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த மாதம் வருமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதுவதே இல்லை. கத்துவதும் ஓடுவதும் இந்த நோயின் ஒரு பாதிதான், மருந்துக்கு அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மறுபாதி சத்தமே போடாது. ஆசை இல்லாமல் போய்விடும். குளிக்கச் சொன்னால்தான் குளிப்பது, கேட்டால் ஒரு வார்த்தையில் பதில், நண்பன் வந்தால் உள் அறைக்குப் போய்விடுவது, முகத்தில் சந்தோஷமோ துக்கமோ தெரியாது. கணக்கில் கெட்டிக்காரனான என் தம்பி, கடைக்குப் போய் மூன்று சாமான் வாங்கிவரச் சொன்னால் இரண்டை மறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான். இவை எல்லாமே நோயின் அறிகுறிகள், மருந்தும் இவற்றுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. பார்க்கிறவர்கள் சோம்பேறி என்கிறார்கள், அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்கிறார்கள், ஆளைப் பார்த்தால் திடகாத்திரமாக இருக்கிறான், ஒரு வேலைக்குப் போகக் கூடாதா என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1950களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களில், ஓயாத குத்தலும் வெறுப்பும் உள்ள வீடுகளுக்குப் போனவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பியது. பொறுமையாகப் பேசுவதும் வைத்தியத்தில் சேர்த்திதான். ஒரு சின்ன வேலையை ஒழுங்காக, தினமும் அதே நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். தம்பி இப்போது தினமும் சாயங்காலம் மாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், அதற்கே எங்களுக்கு வருடங்கள் பிடித்தன.

கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று மறைத்துக் கட்டிவைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சரியாகாது. கல்யாண வீட்டில் மாத்திரையை ஒளித்துவைக்க வேண்டியிருக்கும், பிறகு நின்றேபோகும், பெண்ணாக இருந்தால் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சொல்லிச் செய்தால் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கோவிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் தடுக்கவில்லை, நாங்களும் போகிறோம். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் ஓட வழியில்லாமல் 28 பேர் இறந்துபோனதை மறக்க முடியுமா? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95வது பிரிவு, எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பேருந்து நிலையத்து மனிதரைக் கட்டிவைத்ததைச் சாதாரண விஷயமாக எழுதியிருந்தீர்கள் என்பதும் எனக்கு வருத்தம். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பவர்கள் இல்லை, அடி வாங்குகிறவர்களாகத்தான் அதிகம் இருக்கிறார்கள். தங்களைத் தாங்களே முடித்துக்கொள்ளும் ஆபத்தும் இவர்களுக்கு அதிகம்.

நம்பிக்கைக்கு நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. 1981இல் தொடங்கி, முதல் முறையாக நோய் வந்த 90 பேரைச் சென்னையில் வருடக்கணக்காக விடாமல் தொடர்ந்து பார்த்த ஆய்வு உலக அளவில் பேசப்படுகிறது, அதில் வேலைக்குப் போனவர்கள், குடும்பம் நடத்தியவர்கள் நிறைய. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கியதும் இந்த நீண்ட காலத்தை மனதில் வைத்துத்தான். தனியாக அலைகிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அரசின் இலவச மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இதுபோன்ற செய்திகளுக்குக் கீழே நீங்கள் போட்டால் நல்லது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் அரசுச் சலுகைகளைக் கேட்கலாம் என்பதும் பல வீடுகளுக்குத் தெரியாது.

எங்கள் அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது. தம்பிக்கு மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பது இன்னும் அம்மாதான். அம்மாவுக்குப் பிறகு நான் பார்ப்பேன், எனக்குப் பிறகு யார்? ஆஸ்பத்திரியும் இல்லாமல் தெருவும் இல்லாமல், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டில், துணைக்கு ஒரு ஆளோடு வாழும் ஏற்பாடு மாவட்டத்துக்கு எத்தனை இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த மாதாந்திர ஊசியைப் போட முடியுமா என்று உங்கள் நிருபர்கள் சுகாதாரத் துறையில் கேட்டு எழுத வேண்டும். பதில் எதுவாக இருந்தாலும் அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
தென்காசி மாவட்டம்.

(தம்பியை முன்னிட்டுப் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)